சுற்றுச்சூழல் கல்வியில் பட்டம் படிக்க வருவோர்க்கு: ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு பல துறைகளைக் கற்கும் வழி

இந்தியாவில் அண்மைக் காலத்தில் கல்லூரிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சுற்றுச்சூழல் கல்வி என்ற பெயரில் ஒரு தாளாவது எழுதியிருப்பார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் அளித்த தீர்ப்பின் வழியாக வந்த கட்டாயப் பாடம் அது. மாணவர் பேச்சில் அதற்கு 'இவிஎஸ்' என்று பெயர். தேர்வுக்கு முந்தைய நாள் புரட்டினாலே தேறிவிடலாம் என்பது அதைப் பற்றிய பொதுக் கருத்து. அந்த நினைவோடு முதுகலைப் பட்டத்திற்கு வருகிறவர்கள் முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள். காலையில் மண்ணின் வேதியியல், பிற்பகலில் காலனி ஆட்சிக்கால வனச் சட்டம், மறுநாள் புள்ளியியல், அதற்கு மறுநாள் பொருளியல் என்று வகுப்புகள் மாறி மாறி வரும்போது, எல்லாவற்றிலும் சிறிது தெரிந்து எதிலும் ஆழம் இல்லாமல் போய்விடுமோ என்ற அச்சம் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. நான் மாணவராக அதை அனுபவித்தேன். பின்னர் கற்பிக்கும் இடத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து மீள எனக்குத் தெரிந்த வழி, ஒரு துறையை வேராக வைத்துக்கொண்டு, ஓர் இடத்தைத் தேர்ந்து, படிக்கும் ஒவ்வொரு பாடத்தையும் அந்த இடத்திற்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பதுதான். அதை எங்கிருந்து தொடங்கி எப்படிச் செய்வது என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன்: பெயரையும் பாடத்திட்டத்தையும் படித்தல்

சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் பொறியியல், சுற்றுச்சூழல் கல்வி ஆகிய மூன்று பெயர்களும் ஒன்றுபோல் ஒலித்தாலும் மூன்றும் வெவ்வேறு படிப்புகள். நீரிலும் காற்றிலும் மண்ணிலும் என்ன கலந்திருக்கிறது, உயிரினங்கள் அதை எப்படித் தாங்குகின்றன என்று அளந்து அறிவது அறிவியல். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை வடிவமைப்பது பொறியியல். அந்தக் கழிவு ஏன் வெளியேறியது, அதனால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு, சட்டம் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விகளை அளவீடுகளோடு சேர்த்துக் கேட்பது சுற்றுச்சூழல் கல்வி. பெயர்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதால், பெயரை மட்டும் நம்பாமல் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, எந்தப் பாடத்திற்கு எத்தனை கிரெடிட் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வாரத்திற்கு ஒரு மணி நேர விரிவுரை ஒரு கிரெடிட். ஆய்வகத்திலோ களத்திலோ இரண்டு மணி நேரம் ஒரு கிரெடிட். இந்தக் கணக்கைப் போட்டாலே, களப்பணி என்று விளம்பரத்தில் மட்டும் சொல்லும் துறை எது, உண்மையில் வெளியே அழைத்துப் போகும் துறை எது என்று தெரிந்துவிடும். புள்ளியியலும், முழுப் பருவ ஆய்வேடும், சட்டமோ பொருளியலோ ஒரு தாளாவதும் இல்லாத படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டத்தின் பெயரில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. அரசுப் பணி அறிவிப்புகள் கல்வித் தகுதியை எழுத்துக்கு எழுத்துப் பார்க்கின்றன. எம்.எஸ்சி. கேட்கும் இடத்தில் எம்.ஏ. எடுபடாது. வழக்கத்தில் இல்லாத பெயருடைய பட்டத்திற்கு, அது கேட்கப்பட்ட பட்டத்திற்கு இணையானது என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை உண்டா என்று கேட்பார்கள். நீங்கள் விரும்பும் பணிக்கு முன்பு வந்த அறிவிப்பு ஒன்றை எடுத்து, அதில் உள்ள தகுதியோடு உங்கள் பட்டத்தின் பெயரைச் சேர்வதற்கு முன்பே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு இதைக் கண்டுபிடித்து மனம் உடைந்தவர்களை நான் அறிவேன்.

எங்கே சேர்வது என்று கேட்பவர்களுக்குச் சில தொடக்கப் புள்ளிகளைச் சொல்லலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறையும், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையும் நமக்கு அருகில் இருப்பவை. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கென்றே தனிப் புலம் உண்டு. அதே நகரத்து அம்பேத்கர் பல்கலைக்கழகம் சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் இணைத்து முதுகலை நடத்துகிறது. கலைப் பிரிவிலிருந்து வருகிறவர்களுக்கு அது பொருந்தும். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற்கு 2022 முதல் க்யூட் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தத்தம் வழியில் சேர்க்கை நடத்துகின்றன.

முதல் பருவம்: வேரையும் இடைவெளியையும் அறிதல்

இளங்கலையில் படித்த பாடத்தை இந்தப் படிப்பில் மறந்துவிட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. வேதியியல் படித்தவர் வேதியியலையும், வரலாறு படித்தவர் வரலாற்றையும் வேராகக் காத்துக்கொள்ள வேண்டும். பிற துறையினரோடு உட்கார்ந்து பேசும்போது உங்களுக்கென்று உறுதியாகச் சொல்ல ஒன்று இருப்பது அதனால்தான். அதே வேளையில், மறுபக்கத்தின் அடிப்படை மொழியை முதல் மூன்று மாதத்தில் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். கலைப் பிரிவினர் கற்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்ற அளவு எதைக் குறிக்கிறது. பிஎச் ஓர் எண் மாறினால் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறுவது ஏன். சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாடு எப்போது முக்கியம். இவை கைவந்தால் பெரும்பாலான அறிக்கைகளைப் படித்துவிடலாம். அறிவியல் பிரிவினருக்கு இதைவிடக் கடினமான வேலை காத்திருக்கிறது. 40 பக்கத் தீர்ப்பை ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்கவும், சொந்தக் கருத்தை மூன்று பக்கத்திற்குத் தொடர்ந்து எழுதவும் அவர்கள் பழக வேண்டும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு சொற்குறிப்பேடு தொடங்குங்கள். ஆங்கிலச் சொல், அதற்குப் பாடநூல் தமிழ், அதற்கு ஊர் தமிழ் என்று மூன்று பத்திகள் போதும். மூன்றாம் பத்திதான் பின்னால் பொன்னாகும். வருவாய்த் துறைக் கணக்கில் 'தரிசு' என்றோ 'புறம்போக்கு' என்றோ எழுதப்பட்ட நிலம், ஊரார் வாயில் மேய்ச்சல் நிலமாகவும், நீர்ப்பிடிப்பாகவும், விறகு பொறுக்கும் இடமாகவும் இருக்கும். அந்த வேறுபாட்டில் ஓர் ஆய்வேடே அடங்கிக் கிடக்கலாம்.

ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பேருந்தில் போய் மாலையில் திரும்பக்கூடிய தொலைவில் இருக்கும் ஓர் ஏரி, ஓர் ஆற்றின் ஒரு பகுதி, ஒரு குப்பைக் கிடங்கு, ஒரு காட்டோரச் சிற்றூர் எதுவாயினும் சரி, இரண்டு ஆண்டுக்கும் அதைக் கைவிடாதீர்கள். நான் பிடித்துக்கொண்டது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. அதை வைத்தே விளக்குகிறேன்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கழிவில் உப்பு ஏன் அவ்வளவு இருந்தது என்று கேட்டால் உள்ளூர்க்காரர்களே பலர் யோசிப்பார்கள். விடை சாயத் தொட்டிக்குள் இருக்கிறது. பருத்தி நூல் நீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெறுகிறது. பனியனுக்குப் பயன்படும் சாயமும் எதிர்மின் தன்மை உடையது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் சாயம் நூலில் ஏறுவதில்லை. சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட் உப்பை நிறையக் கொட்டினால் அந்தத் தள்ளுவிசை தணிந்து சாயம் நூலை அணுகும். உப்பின் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது; துணியில் அது தங்குவதில்லை, போட்டது முழுவதும் கழிவுநீரோடு வெளியே வருகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கும் முறை கரிமக் கழிவைக் குறைக்குமே தவிர, கரைந்த உப்பைத் தொடாது. நிறம் நீங்கித் தெளிவாகத் தெரிந்த நீரும் நிலத்தைக் கெடுத்ததற்குக் காரணம் இதுவே. சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் களிமண் துகள்கள் பிரிந்து, துளைகள் அடைபட்டு, மழை பெய்தாலும் நீர் உள்ளிறங்காத மண்ணாக அது மாறிவிடும்.

இனி இதே நீரைப் பிற துறைகளின் கண்ணால் பாருங்கள். பாசனத்திற்காகக் கட்டி 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, மேலிருந்து வந்த சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியானது. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று, அதன் நீரில் பாசனம் பெற வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகளே போராடும் நிலை வந்தது. பொருளியல் படித்தவருக்கு இது புறச்செலவுக்குப் பாடநூல் உதாரணம்: பனியன் விலையில் சேராத செலவை, பனியன் விற்காத ஒருவர் தன் கிணற்றால் செலுத்துகிறார். சட்டம் படிப்பவர், விவசாயிகள் தொடுத்த வழக்கையும், சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் இட்ட உத்தரவையும் பார்ப்பார். பொறியியலாளருக்குத் துளிக் கழிவும் வெளியேறாத முறை கண்ணில் படும்: சவ்வு வழியாக நீரைப் பிரித்து, மிஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைத்து, நீரை மீண்டும் பட்டறைக்கே அனுப்புவது. அந்தக் காய்ச்சலுக்கு ஆகும் எரிபொருளையும், கடைசியில் மூட்டையாகக் குவியும் கலப்பு உப்பை எங்கே வைப்பது என்பதையும் சூழலியலாளர் கேட்பார். பட்டறை மூடப்பட்ட மாதங்களில் வேலையிழந்த தொழிலாளி எங்கே போனார் என்று சமூகவியலாளர் கேட்பார். ஒவ்வொரு கேள்வியும் முந்தையதன் விடையிலிருந்து பிறக்கிறது. பல்துறைப் படிப்பு என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது வகுப்பறையில் இல்லை, அந்த அணையின் கரையில்தான்.

களத்தில்: நீரை அளத்தல்

முதல் களப்பயணத்தில் நான் எடுத்த 12 பாட்டில் நீரும் வீணானது. பாட்டிலில் ஒட்டிய சீட்டுகளில் மையால் எழுதியிருந்தேன். பனிக்கட்டிப் பெட்டியின் ஈரத்தில் எழுத்து முழுவதும் கரைந்து, எந்தக் கிணற்று நீர் எது என்று தெரியாமல் போயிற்று. அன்றிலிருந்து பென்சிலால் எழுதி, அதே எண்ணைக் குறிப்பேட்டிலும் எழுதுகிறேன். மாணவர்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன். குறிப்பேட்டில் எண்ணோடு தேதி, நேரம், கிணற்றின் ஆழம், நீர்மட்டம், மோட்டார் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, கடைசி மழை எப்போது என்பவையும் இருக்க வேண்டும். இவை இல்லாத அளவீடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயன்படாது.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கண்டறியும் வின்க்லர் முறையை, மின்னணுக் கருவி இருந்தாலும், ஒருமுறையாவது கையால் செய்யுங்கள். 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலை அந்த ஆற்று நீராலேயே மூன்று முறை அலசி, காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே நில்லாதபடி நிரப்பி மூட வேண்டும். மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் தலா சில மில்லி விட்டுக் கவிழ்த்துக் குலுக்கியதும், ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பு வீழ்படிவு மேகம்போல் திரண்டு மெல்லக் கீழே இறங்கும். வீழ்படிவு வெள்ளையாகவே நின்றுவிட்டால் அந்த நீரில் மீனுக்கு மூச்சு இல்லை என்று பொருள். கரையில் நின்றபடி அந்த வெள்ளையை ஒருமுறை பார்த்தவர்கள், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரில் உள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) என்ற சொல்லைப் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எண்ணைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500-இன்படி, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 2,000 வரை அனுமதிக்கலாம். 1,400 என்று உங்கள் மீட்டர் காட்டினால், அந்தக் கிணறு தகுதியானதா என்பதை, ஊரில் வேறு கிணறு உண்டா என்ற கேள்விதான் தீர்மானிக்கிறது.

களத்தில்: கேட்டல்

பல்துறைப் படிப்பில் மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுவது கேட்கும் கலை என்பது என் வருத்தம். அச்சிட்ட வினாப்படிவத்தோடு போய், ஆம், இல்லை என்று குறியிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஊர் எதையும் சொல்லாது. நீரை அளந்துகொண்டிருந்த ஒரு நாள், கிணற்றடியில் இருந்த அம்மா ஒருவரிடம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இதுல பருப்பு வேகறதில்லீங்க கண்ணு, சோத்துக்குன்னு தனியா தண்ணி வெலைக்கு வாங்கறமுங்க" என்றார். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் பருப்பு வேகாது என்பது வேதியியல். எந்த ஆண்டிலிருந்து வேகவில்லை என்று அடுத்துக் கேட்டேன். மகள் கல்யாணத்தை வைத்துக் கணக்கிட்டு அவர் சொன்ன ஆண்டு, எந்த அரசு அறிக்கையிலும் இல்லாத நீர்த்தர வரலாறு. இத்தகைய சொற்களை அவர்கள் சொன்ன வாய்மொழியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அளவீட்டைப் பக்கத்தில் எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லி, இசைவு பெற்று, ஆய்வேட்டில் பெயர் வராமல் காப்பது உங்கள் கடமை. தண்ணீர் விஷயத்தில் பேசியதற்காக ஊருக்குள் ஒருவருக்குச் சங்கடம் நேர்ந்தால், அதன் பொறுப்பு நம்முடையது.

ஊர்வழக்கின் மதிப்பை ஐயுறுகிறவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். பொதுவளங்களை அரசோ தனியாரோ இன்றி மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ஏரி மடையைத் திறந்து வயலுக்கு வயல் முறைவைத்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளின் ஊர்களில் பிறந்த நமக்கு, அந்தக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஆவணங்கள்

முதல் தீர்ப்பாக, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்ததைப் படியுங்கள். பாலாற்றுத் தோல் ஆலைகளைப் பற்றிய அந்தத் தீர்ப்பே, கேடு முழுமையாக நிரூபிக்கப்படும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. படிக்கும்போது வழக்கின் விவரம், இரு தரப்பு வாதம், நீதிமன்றம் எடுத்துக்கொண்ட சட்டம், கடைசியில் இட்ட கட்டளை ஆகியவற்றை வெவ்வேறு நிறத்தில் கோடிடுங்கள். விவரப் பகுதியில் ஒரு வரியில் நின்று போங்கள்: திண்டுக்கல் பக்கம் 13 ஊர்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கெடுப்பில், 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன என்று அங்கே எழுதியிருக்கிறது. யாரோ சிலர் ஊர் ஊராக நடந்து கிணறுகளை எண்ணினார்கள்; அந்த எண்ணிக்கை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறியது. அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து அதே ஆண்டு அமைக்கப்பட்ட ஆணையம் பின்னர் நொய்யல் விவசாயிகளின் இழப்பையும் மதிப்பிட்டது. நீங்கள் குறிப்பேட்டில் எழுதும் எண்ணையும் அந்தக் கவனத்தோடு எழுதுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல், எந்தப் புல எண்ணில் எந்த ஆண்டு என்ன பயிர் இருந்தது என்பதைச் சொல்லும். அதில் ஆண்டு பசலிக் கணக்கில் இருக்கும். பசலி ஜூலை 1-இல் தொடங்குவதால், 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். எனவே சாயப்பட்டறைகளை மூடிய 2011 ஜனவரி, பசலி 1420-க்குள் வருகிறது. 1421-இல் தேடினால் ஓர் ஆண்டு தவறிவிடும். கேட்டுக் கிடைக்காத ஆவணத்திற்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பருவத் தேர்வு நெருங்கும்போது விண்ணப்பித்தால் பயனில்லை என்பதால் முதல் ஆண்டிலேயே எழுதிப் போடுங்கள். உங்கள் மாவட்டத்தில், ஒரு திட்டம் வந்தால் சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணிக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிற்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், சுருக்க அறிக்கையைத் தமிழில் வாங்கிப் படித்துவிட்டுப் போய் உட்காருங்கள். அந்த மதிப்பீட்டுக்கு விதி வகுத்த 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிடும்.

வரைபடத்திற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதலும், 10 மீட்டர் நுட்பமுள்ள சென்டினல்-2 படங்கள் 2015 முதலும் யாருக்கும் கிடைக்கின்றன. ஆனால் திரையில் பச்சையாகத் தெரிவது நெல்லா, ஆகாயத்தாமரையா, சீமைக்கருவேலமா என்பதை நேரில் போய்ப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

ஆய்வேடு

'நொய்யல் மாசும் அதன் தாக்கங்களும்' என்பது தலைப்பு இல்லை. அது ஒரு நூலகம். ஒரே ஊரில், 2011-க்கு முன் பாசனத்திற்குக் கைவிட்ட கிணறுகளில் எவை மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தன, வந்தது உப்பு குறைந்ததாலா, வேறு நீர் கலந்ததாலா, உப்பைத் தாங்கும் பயிருக்கு மாறியதாலா என்பது ஓராண்டில் விடை காணக்கூடிய கேள்வி. அதற்கு மீட்டரும் வேண்டும், அடங்கலும் வேண்டும், கிணற்றுக்காரர் வாய்ச்சொல்லும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாமலேயே விடை கிடைத்துவிடுமானால் உங்கள் கேள்வி ஒற்றைத் துறைக் கேள்வி; அதை ஒருமுறை திருத்தி எழுதுங்கள். நெறியாளரைத் தேர்வு செய்யும்போது வேர்த்துறை ஒருவரையும், மறுபக்கத் துறையில் ஆலோசகராக ஒருவரையும் கேட்டுப் பெறுங்கள். இருவரும் ஒரே பக்கத்தில் எதிரெதிர்த் திருத்தம் எழுதுவார்கள். அப்போது யாரையும் ஒதுக்காமல், இருவரையும் ஒரே மேசையில் அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

ஆசிரியப் பணியை விரும்புகிறவர்கள் யூஜிசி நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலைப் பாடமாக எடுக்கலாம். கேட் தேர்வில் 2021 முதல் இதற்கென்று தனித் தாள் இருக்கிறது. ஆலோசனை நிறுவனங்களில் வரைபடத் திறனும், தெளிவாக அறிக்கை எழுதும் திறனும்தான் முதலில் வேலை வாங்கித் தருகின்றன. இவற்றுக்கான தயாரிப்பை மூன்றாம் பருவத்தில் தொடங்கினால் போதும்.

ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு இன்னும் ஒரு படி இருக்கிறது; எந்தப் பாடத்திட்டத்திலும் அதற்குக் கிரெடிட் கிடையாது. நீர் எடுத்த ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சீட்டு எழுதுங்கள். எடுத்த தேதி, உப்பின் அளவு, குடிக்கலாமா, சமைக்கலாமா, எந்தப் பயிர் தாங்கும், அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்பவை பெரிய எழுத்தில் இருந்தால் போதும். தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பருப்பு வேகாத வீட்டில் அந்தச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு அந்த அம்மா என்னிடம் கேட்டது, "அப்ப மழைக்கு அப்பறம் ஒருக்கா வந்து பாக்கறீங்களா கண்ணு?" என்பதுதான். ஐப்பசி மழை ஓய்ந்ததும் பாட்டில்களோடு மீண்டும் போனேன்.